முக்கோணமும் வட்டமும் விடுபட்ட பெயர்களும்

மானிடவியல் படிக்கிறவர்களிடம் களப்பணி என்று சொன்னால் உடனே மலினோவ்ஸ்கி என்ற மானிடவியலாளர்தான் நினைவுக்கு வருவார். முதல் உலகப்போர் சமயத்தில் டிரோபிரியாண்ட் தீவுகளில் கூடாரம் அடித்துத் தங்கி, அங்கிருந்தவர்களின் மொழியிலேயே பேசி ஆராய்ந்த கதையை முதல் வருஷமே சொல்லிவிடுவார்கள், பாதிப் பேர் அந்த மயக்கத்தில்தான் இந்தப் படிப்பில் தாக்குப்பிடிக்கிறோம். எனக்கு வேலை கற்றுக்கொடுத்தது என்னவோ வகுப்பில் எல்லோரும் கொட்டாவி விட்ட ஒரு பயிற்சிதான். வம்சாவளிப் படம் வரைவது. ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம், கல்யாணத்துக்குச் சமக்குறி, இறந்தவர் மேல் ஒரு சாய்கோடு, அவ்வளவுதான்.

இதை ஒரு முறையாக ஆக்கியவர் ரிவர்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர். 1898இல் ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே இருக்கும் டாரஸ் நீரிணைத் தீவுகளுக்குப் போன கேம்பிரிட்ஜ் குழுவில் இருந்தவர். 1901-02இல் நம் நீலகிரிக்கே வந்து தோடர்களிடமும் இதே வேலையைச் செய்தார். தோடர்கள் செத்துப்போன சொந்தக்காரர்களின் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். அதனால் ஒரு குடும்பத்து விவரத்தை வேறு குடும்பத்தாரிடம் கேட்டு வாங்கினார். பரீட்சைக்கு ஒரு வரியாகப் படித்துவிட்டுப் போன இந்தச் சங்கதிதான் பின்னால் எனக்குச் சோறு போட்டது.

படிப்பு முடிந்து ஒரு ஆய்வுத் திட்டத்தில் கள உதவியாளராகச் சேர்ந்தேன். நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஒரு மீனவ ஊர், நானோ கொங்குப் பக்கத்து ஆள், கடலைச் சுற்றுலாவில் பார்த்ததோடு சரி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, ஆம்பளைகள் நிழலில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டு ஊரிலேயே இருப்பார்கள் என்று கணக்குப் போட்டு அப்போதுதான் எங்களை அனுப்பினார்கள். நல்ல கணக்கு. ஆனால் சின்ன பைபர் படகுகளுக்குத் தடை கிடையாது, அவை விடியற்காலையில் போய் வந்துகொண்டுதான் இருந்தன, அதனால் கரையில் நடக்கிற மீன் ஏலத்தையும் பார்க்க முடிந்தது.

வீட்டுக்கு வீடு போய் கடன் எவ்வளவு, யாரிடம் வாங்கினீர்கள் என்று ஆரம்பித்தால் ஒருத்தரும் பிடிகொடுக்க மாட்டார்கள். ஏன் கொடுக்க வேண்டும்? கையெழுத்து வாங்க வருகிற எவனையும் அவர்கள் நம்புவதில்லை, ஒப்புதல் படிவத்தை நீட்டினாலே முகம் மாறிவிடும். அதே வீட்டில் "உங்க அப்பாவோட கூடப் பிறந்தவங்க எத்தனை பேரு?" என்று கேட்டுப் பாருங்கள், சமையல்கட்டில் இருக்கிறவர்களும் வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

ஒரு பாட்டியிடம் கணவர் பெயரைக் கேட்டேன். "எங்க வீட்டுக்காரரு" என்றார். பேரு பாட்டி என்றேன். சிரித்துக்கொண்டே பக்கத்தில் இருந்த பேத்தியைத் தட்டி, "தாத்தா பேரைச் சொல்லுடி" என்றார். அந்தச் சிறுமிக்குத் தாத்தாவின் பட்டப்பெயர்தான் தெரியும், ரேஷன் கார்டை எடுத்து வந்து பார்த்த பிறகுதான் முழுப்பெயர் வந்தது. அதைப் படிக்கும்போது பாட்டி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அப்புறம் அவரே, யாரும் கேட்காமல், பிறந்து ஒரு வாரத்தில் போய்விட்ட இரண்டு பிள்ளைகளையும் எழுதச் சொன்னார்.

சொந்தத்துக்குள்ளேயே பெண் கொடுத்து எடுக்கிற ஊரில் படம் பாடப்புத்தகத்தில் இருப்பதுபோல் மேலிருந்து கீழே விரியாது. அத்தை மகனைக் கட்டியவள் வந்தால் கோடு திரும்ப மேலே போகும், அவளுடைய மாமியார் வட்டம் ஏற்கெனவே அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். மூன்று தலைமுறை தாண்டுவதற்குள் தாளை ஒட்டி ஒட்டி பாய் அளவுக்கு ஆகிவிட்டது.

படத்தைப் படகோடு சேர்த்துப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. யார் யார் ஒன்றாகக் கடலுக்குப் போகிறீர்கள் என்று கேட்டால் "அண்ணன் தம்பிங்கதான்" என்பார்கள், எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். கரையில் நின்று, பைபரிலிருந்து இறங்குகிறவர்களைக் குறித்துக்கொண்டு வந்து இரவு படத்தில் தேடினால், அந்த ஊரில் பல படகுகளில் மச்சானும் மச்சானும், மாமனாரும் மருமகனும். அண்ணன் தம்பிகள் பலர் வெவ்வேறு படகில். டீசல், ஐஸ் செலவு கழித்து, படகுக்கும் வலைக்கும் இன்ஜினுக்கும் பங்கு போக மிச்சத்தைப் பிரிக்கும்போது அப்பா சொத்தில் இருந்த பழைய தகராறும் கூடவே வந்து நிற்கும் என்று பிறகு ஒருவர் விளக்கினார். அவர்கள் பொய் சொல்லவில்லை, எப்படி இருக்க வேண்டுமோ அதைச் சொன்னார்கள். இந்த வித்தியாசத்தைப் பேட்டி மட்டும் எடுத்து யாரும் பிடிக்க முடியாது என்பது என் கட்சி. செல்போனில் பதிவு செய்தாலும் கரையில் காற்று இரைச்சல்தான் பாதி கேட்கும், அது தனிக் கொடுமை.

குறிப்புகளை அன்றன்றைக்கே எழுதி, படி எடுத்து, வெவ்வேறு இடத்தில் வைக்க வேண்டும் என்று உயிரை வாங்குவார்கள். எம்.என். சீனிவாஸ் என்ற சமூகவியலாளரின் கதையைச் சொல்லித்தான் பயமுறுத்துவார்கள்: 1948இல் மைசூர்ப் பக்கத்துக் கிராமத்தில் வேலை செய்து, பல வருஷம் ஒழுங்குபடுத்திய குறிப்புகளின் மூன்று படிகளும் 1970இல் ஸ்டான்போர்டில் யாரோ வைத்த தீயில் போயின. மூன்று படிகளும் ஒரே அறையில் இருந்தன. அவர் நினைவிலிருந்து புத்தகமே எழுதிவிட்டார், நமக்கு நேற்று யாரிடம் பேசினோம் என்பதே மறந்துவிடும்.

ரிவர்ஸ் செய்தது போலப் பக்கத்து வீட்டில் சரிபார்த்தபோது, ஒரு குடும்பத்தில் சொல்லாமல் விட்ட மகள் ஒருத்தி கிடைத்தாள். வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு போனவள். அந்த வீட்டு மூத்த மகன் படத்தைப் பார்த்துவிட்டு, "தம்பி, இத ஒரு ஜெராக்ஸ் குடுங்க, பிரேம் போட்டு மாட்டிடுறேன்" என்றார். அவர்கள் வாயால் சொன்னவர்களை மட்டும் வைத்துத் தனியாக வரைந்து கொடுத்தேன். திட்டத்துக்குப் போன படத்தில் அவளுக்கு ஒரு வட்டமும் எண்ணும் உண்டு, பெயர் இல்லை. எங்கள் குழுவிலேயே ஒருவர், அந்த வீடு ஒப்புக்கொள்ளாத தகவல், வட்டமும் போடக்கூடாது என்று சண்டை போட்டார். அவளை விட்டுவிட்டால் அந்த வீட்டார் செய்ததையே நாமும் செய்கிறோம் என்றேன் நான். அவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.