கல் நட்ட பிறகு கேட்பது

எங்கள் ஊர்க் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலை ஒட்டிச் சாலை போடுவது குறித்துக் கருத்துக் கேட்கச் சில ஆண்டுகளுக்கு முன் கூட்டிய கூட்டத்துக்கு நாங்கள் போனபோது, எல்லைக் கற்கள் ஏற்கெனவே நடப்பட்டிருந்தன. ஆயுள் முழுவதும் மடை திறந்து பழகிய பெரியவர் ஒருவர், ஐப்பசி மழையில் வெள்ளம் எந்தப் பக்கம் திரும்பும் என்று பொறுமையாக விளக்கினார். அதிகாரிகள் குறித்துக்கொண்டார்கள், வரைபடத்தில் ஒரு கோடும் மாறவில்லை. அந்த வருத்தத்தில்தான், மக்களைக் கேட்பது பற்றிப் பன்னாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

அந்தச் சட்டம் இதை விரிவாகப் பேசுவது பழங்குடி மக்களைப் பற்றியே. செட்டிநாட்டுக் கண்மாய்ப் பாசனக்காரர்களான நாங்கள் அந்த உரிமையைக் கோர முடியாது; மலையை இழந்தால் தெய்வத்தையும் சேர்த்தே இழக்கும் மக்களின் நிலையோடு எங்கள் நிலையை ஒப்பிடவும் கூடாது. 2007 செப்டம்பர் 13 அன்று, இந்தியா உட்பட 144 நாடுகளின் ஆதரவோடு ஐ.நா. பொதுச்சபை ஏற்ற பழங்குடி மக்கள் உரிமைப் பிரகடனத்தின் 32ஆவது பிரிவு, அவர்களுடைய நிலத்தைப் பாதிக்கும் எந்தத் திட்டத்துக்கும் அனுமதி வழங்குவதற்கு முன்பாகவே, விவரம் அறிந்து சுதந்திரமாக அவர்கள் தரும் ஒப்புதலைப் பெறும் பொருட்டு அரசு கலந்தாலோசிக்க வேண்டும் என்கிறது. ‘முன்பாக’ என்ற சொல்லில்தான் இதன் உயிர் இருக்கிறது என்பது என் எண்ணம். பிரகடனம் நாடுகளைச் சட்டப்படி கட்டுப்படுத்தாது. கட்டுப்படுத்தக்கூடியது, பழங்குடி மக்கள் பற்றிய 1989ஆம் ஆண்டின் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு உடன்படிக்கை 169; அதில் இந்தியா இன்றுவரை சேரவில்லை.

தென் அமெரிக்க நாடான ஈக்வடாரின் சரயாகு பழங்குடியினரைக் கேட்காமலே எண்ணெய் தேடும் அனுமதி கொடுக்கப்பட்டு, அந்தத் தேடலுக்காக அவர்களுடைய காட்டு நிலத்தில் வெடிமருந்து புதைக்கப்பட்டது. அமெரிக்க நாடுகளுக்கிடையிலான மனித உரிமை நீதிமன்றம் 2012இல் அளித்த தீர்ப்பில், கலந்தாலோசனை திட்டத்தின் தொடக்கக் கட்டத்திலேயே நடக்க வேண்டும் என்றும், அதை நடத்தும் கடமையை அரசு ஒரு நிறுவனத்தின் தலையில் இறக்கிவிட முடியாது என்றும் கூறியது.

நம் நாட்டில் ஒடிசாவின் நியம்கிரி மலையில் பாக்சைட் என்னும் அலுமினியத் தாதுவை வெட்டுவது பற்றிய வழக்கில், 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தை முன்னிறுத்தி, கிராம சபைகள் ஆராய்ந்து முடிவு சொல்லட்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. டோங்கிரியா கோண்டு பழங்குடியினர் உள்ளிட்ட மலைவாழ் மக்கள் கலந்துகொண்ட 12 சபைகளும் அதே ஆண்டு மழைக்காலத்தில் கூடி, ஒன்றுகூட விலகாமல், வேண்டாம் என்றன. மலை தப்பியது. ஆனால் அந்த மலையின் தாதுவை நம்பி, அடிவாரத்து லாஞ்சிகரில் அலுமினா ஆலை பல ஆண்டுகளுக்கு முன்பே கட்டி முடிக்கப்பட்டிருந்தது.