ஐஸ் உடைக்கிறவர் கேட்ட கேள்வி

"தம்பி, இது ஐஸ் மீன் இல்லையே? நம்ம கரையில ஏறினதுதானே?"

அவர் கேட்டது இவ்வளவுதான். நான் சொன்னது இன்னும் குறைவு. "இல்லண்ணே, ஐஸ் மீன்தான்." 2018 மே மாதம், ஞாயிற்றுக்கிழமை மதியம். கடுவையாற்றங்கரையில், அக்கரைப்பேட்டைப் பக்கம், நான் மூன்று வருடம் கல்லாவில் உட்கார்ந்திருந்த மீன் சாப்பாட்டுக் கடையில்.

பொய் சொல்லி மாட்டிக்கொண்ட கதையாக இருந்தால் இந்நேரம் மறந்திருப்பேன். உண்மையைச் சொன்னதுதான் இன்னும் உறுத்துகிறது.

மே மாதத்தில் நாகப்பட்டினத்தில் என்ன மீன் கிடைக்கும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. ஆற்றில் வரிசையாகக் கட்டிப்போட்டு, பெயிண்ட் அடித்துக்கொண்டும் இன்ஜினைப் பிரித்துக்கொண்டும் இருப்பார்கள். ஃபைபர் படகுகளுக்குத் தடை இல்லை. அவை கொண்டுவரும் கொஞ்ச மீனுக்கு ஏலத்தில் அடிதடி. எங்கள் கடைக்கு அந்த விலை கட்டாது. மேற்குக் கரையில் தடை ஜூனில்தான் தொடங்கும் என்பதால் கேரளாவிலிருந்து பெட்டியில் ஐஸ் போட்டு வஞ்சிரம் வரும். நாங்கள் வறுத்துப் போட்டது அதைத்தான். கெட்ட மீன் என்று சொல்ல மாட்டேன். துண்டை எண்ணெயில் போட்டால் தண்ணீர் விட்டுப் படபடவென்று தெறிக்கும், சதை கொஞ்சம் உதிரும், அவ்வளவுதான். மாஸ்டர் அந்த இரண்டு மாதமும் குழம்பில் புளியும் மிளகாயும் ஒரு கை கூடப் போடுவார்.

முதலாளி எனக்கு முதல் வாரமே சொல்லிவிட்டார்: யாராவது கேட்டால், நம்ம கரை மீன். நானும் சொன்னேன். வேளாங்கண்ணி போகிற வழியில் வேனை நிறுத்திச் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு நாளைக்கு இருபது முறை சொல்லியிருப்பேன். ஒரு முறைகூட வாய் கூசியதில்லை. உள்ளூர்க்காரர்கள் கேட்கவே மாட்டார்கள். நேராக அடுப்பங்கரைக்குப் போய்த் தட்டைப் பார்ப்பார்கள். செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "எனக்கு மத்திக் குழம்பு போதும்டா" என்று வந்து உட்காருவார்கள். எங்கள் கடைக்கு இருந்த நல்ல பெயர் அவர்களால்தான். மே மாதத்திலும் அவர்கள் வருவார்கள், மாங்காய் போட்ட குழம்புக்காக.

அவரும் அப்படி ஒருத்தர். ஐஸ் கம்பெனியில் வேலை. ஐஸ் பாரை உடைத்து, மெஷினில் தள்ளி, படகுகளுக்கு ஏற்றிவிடும் வேலை. எங்கள் கடைக்கும் அவர்தான் ட்ரைசைக்கிளில் ஐஸ் கொண்டுவருவார். மதியம் எங்களிடம் சாப்பாடு, பெரும்பாலும் பற்று. தடைக்காலத்தில் படகு போகாவிட்டால் ஐஸ் யாருக்கு வேண்டும்? பாதிச் சம்பளம்கூடத் தேறாது. மீனவக் குடும்பங்களுக்கு அப்போது 5,000 ரூபாய் நிவாரணம் வரும். ஐஸ் உடைக்கிறவருக்கு அது கிடையாது. நோட்டில் அவர் பெயருக்கு நேரே 1,340 ரூபாய் நின்றது. அந்தத் தொகையை ஏன் இவ்வளவு சரியாக நினைவு வைத்திருக்கிறேன் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

அன்றைக்கு ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். மன்னார்குடியிலிருந்து அவர் பெண்ணைப் பார்க்க வந்தவர்கள். பேச்சு முடியாமல் பெண் வீட்டில் கை நனைக்கக் கூடாது என்பது நம் பக்கத்து வழக்கம். கடையில் சாப்பிட்டால் அந்தக் கணக்கில் வராது, வந்தவர்களைப் பட்டினியாகவும் அனுப்ப வேண்டாம் என்று நினைத்திருப்பார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். அந்த மனிதரை நான் சட்டையோடு பார்த்ததே அன்றுதான். ஆற்றைப் பார்த்த பெஞ்சில் உட்கார வைத்தார். படகுகளைக் காட்டி, எது எத்தனை அடி, எது எத்தனை நாள் தங்கும் என்றெல்லாம் ஏதோ தன்னுடையதைப் போலச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆறு வஞ்சிரம் சொன்னார்.

இலையில் மீன் விழுந்ததும்தான் என்னைப் பார்த்து அந்தக் கேள்வி. சத்தமாக.

நான் பதில் சொன்ன பிறகு ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. அப்புறம் மாப்பிள்ளையின் அம்மா, "எங்க ஊருக்கும் ஐஸ்ல வச்சுத்தான் வருது. எங்களுக்கு விரால், கெண்டைன்னாதான் தெரியும்" என்றார். சமாதானமாகச் சொன்னாரா, குத்தலாகச் சொன்னாரா? நான் அந்தக் குரலை எத்தனையோ முறை ஓட்டிப் பார்த்துவிட்டேன். ஒரு நாள் இப்படிக் கேட்கிறது, ஒரு நாள் அப்படி. ஐஸ் உடைக்கிறவர் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். அதற்குப் பிறகு படகுகளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

போகும்போது முழுப் பணத்தையும் கொடுத்தார். கூடவே, "பழைய பாக்கி எவ்வளவு தம்பி?" என்று கேட்டு அதையும் எண்ணி வைத்தார். புது நோட்டுகள். எதையோ அடகு வைத்த பணம் என்று எனக்குத் தோன்றியது. அந்தப் பாக்கியை நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். எண்ணி வாங்கிக்கொண்டேன்.

நம் கடை மனிதரிடம், நமக்கே ஐஸ் கொண்டுவருகிறவரிடம், எப்படிப் பொய் சொல்வது? இதுதான் ரொம்ப நாள் நான் வைத்திருந்த சமாதானம். வெளியூர்க்காரனிடம் சொல்லும் பொய்யை வீட்டு மனிதரிடம் சொல்வதா? கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அடுத்த மாதமே கேரளாவில் ஃபார்மலின் கலந்த மீன் பிடிபட்டு, மீன் என்றாலே எல்லோரும் சந்தேகப்பட்டார்கள். பார்த்தாயா, மீன் விஷயத்தில் உண்மை சொன்னது எவ்வளவு சரி என்று அப்போது எனக்கு நானே தட்டிக்கொடுத்தேன். எங்கள் மீனில் வெறும் ஐஸ்தான் இருந்தது. அந்தச் செய்திக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனாலும் தெம்பாக இருந்தது.

அந்தத் தெம்பு எங்கே உடைகிறது என்றால், இருபது வருடம் ஐஸில் கை வைத்தவருக்கு எது ஐஸ் மீன் என்று என்னைக் கேட்டா தெரிய வேண்டும்? இலையில் விழும்போதே தெரிந்திருக்கும். முந்தின நாள் அந்தப் பெட்டிக்கு மேல் போட்ட ஐஸே அவர் உடைத்ததுதான். அப்படியானால் அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம்? எனக்கு அன்று அது உறைக்கவில்லை என்று சொன்னால் நம்புவீர்களா? எனக்கே முழுசாக நம்பிக்கை இல்லை.

ஏனென்றால் அன்று காலைதான் முதலாளி பற்று நோட்டைப் புரட்டி, "நீ கல்லால உக்காந்திருக்கியா, தர்ம சத்திரம் நடத்துறியா?" என்று கேட்டிருந்தார். அவர் விரல் வைத்துக் காட்டிய வரிதான் 1,340. அதே ஆள் மதியம் வெள்ளைச் சட்டையில் வந்து ஆறு வஞ்சிரம் சொல்கிறார். எனக்குள் ஏதோ சுருக்கென்றது. அந்தச் சுருக்குதான் வாயைத் திறந்ததா, நியாயம் திறந்ததா என்று பிரிக்க முடியவில்லை. சில நாள் நியாயம்தான் என்று அடித்துச் சொல்வேன். வயது இருபத்து நான்கு, விவரம் போதாது என்றும் சொல்லிப் பார்த்திருக்கிறேன். வேன்காரர்களிடம் பொய் சொல்ல மட்டும் விவரம் போதுமானதாக இருந்தது.

மாஸ்டர் அன்று சாயங்காலம் சட்டியைக் கழுவிக்கொண்டே, "நான் புளியக் கூட ஊத்தி மறைக்கிறேன், நீ வாயால ஒடைக்கிற" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். முதலாளிக்குப் பாக்கி வந்த சந்தோஷம். "ஒரு துண்டு மீனுக்காடா சம்பந்தம் நிக்கும்? போடா" என்றார். எனக்கும் அதுதான் எண்ணம். ஒரு துண்டு மீனுக்காக நிற்கிற சம்பந்தம் நிற்கட்டுமே என்றுகூட நினைத்திருக்கிறேன். அந்தப் பெண்ணை நான் பார்த்ததில்லை, அதனால் அப்படி நினைக்க முடிகிறது.

தடை முடிந்து, ஜூன் 14 நள்ளிரவு படகுகள் கிளம்பின. ஐஸ் வேலை சூடு பிடித்தது. காலையில் ட்ரைசைக்கிள் வரும், சாக்கைப் பிரித்துப் பாரை இறக்குவார், "ரெண்டு பார் தம்பி" என்பார், கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார். சாப்பிட மட்டும் வரவில்லை. கோபமாகவும் தெரியவில்லை. கையில் காசு இருக்கிறது, வீட்டிலிருந்து டிபன் கட்டி வருகிறார் என்று யாரோ சொன்னார்கள். அப்படியும் இருக்கலாம்.

ஆவணியில் பத்திரிகை கொண்டுவந்தார். முதலாளியிடம் கொடுத்தார், மாஸ்டருக்குத் தனியாக ஒன்று. எனக்கு இல்லை. முதலாளி பெயருக்குக் கீழே 'குடும்பத்தார்' என்று போட்டிருந்தது, அதில் நானும் அடங்குவேன் என்று வைத்துக்கொள்ளலாம். அவர் போன பிறகு எடுத்துப் பார்த்தேன். மாப்பிள்ளை திருத்துறைப்பூண்டி.

மன்னார்குடி ஏன் விட்டுப்போனது என்று யாரிடமும் கேட்கவில்லை. நகையாக இருக்கும், ஜாதகமாக இருக்கும். ஆயிரம் இருக்கும்.

நான் அந்த வேலையை விடுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு, ஒரு மதியம் உள்ளே வந்து உட்கார்ந்தார். பழைய இடம், சுவர் ஓரம், சட்டை இல்லாமல் துண்டோடு. அன்றைக்கு நல்ல கிழங்கான். விடியற்காலையில் ஃபைபரில் வந்தது, ஐஸே படாதது. சப்ளை பண்ணும் பையன் இருந்தும் நானே எழுந்து போய் இலையில் வைத்தேன்.

"கரை மீன்ணே. இன்னைக்கு ஏறினது."

நிமிர்ந்து ஒரு தடவை பார்த்தார். மீனைப் பார்க்கவில்லை.

"சரி தம்பி. குழம்பு ஊத்தச் சொல்லு" என்றார்.