பழைய லேப்டாப்பில் மிச்சம் இருப்பது என்ன?

‘இது இனி தேறாது’ என்று சொல்ல ஒரு நொடி போதும். எது தேறும், எது தேறாது என்று பிரித்துப் பார்க்க அரை மணி நேரம் ஆகும். பத்து வயதான லேப்டாப், 4 ஜிபி ரேம், உள்ளே சுற்றும் ஹார்ட் டிஸ்க், ஆன் செய்தால் மூன்று நிமிடம் கழித்துத்தான் அசைகிறது. இதைப் பார்த்து அலுத்துக்கொள்பவர்கள் ஒரு பக்கம். ‘எப்படியும் ஓட வைத்துவிடலாம்’ என்று கிடைத்ததையெல்லாம் வாங்கி மாட்டுகிறவர்கள் இன்னொரு பக்கம். இரண்டு தரப்புமே அந்த அரை மணி நேரத்தைச் செலவிடுவதில்லை. நேர்மறை மனநிலை என்று நான் சொல்வது ரொம்பச் சாதாரணமான ஒரு பழக்கத்தை: குறையை எண்ணுவதற்கு முன்னால் இருப்பை எண்ணுவது.

அதனால் முதல் வேலை மெஷினைத் தொடுவதே இல்லை. இந்த லேப்டாப் என்னென்ன செய்ய வேண்டும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். கடிதம் அடிப்பது, மெயில், வகுப்புக்கான வீடியோ, கணக்குப் பட்டியல் போன்றவைதான் பட்டியலில் இருக்கிறதென்றால் பத்து வருடத்துக்கு முந்தைய பிராசசர் தாராளமாகத் தாங்கும். 4கே வீடியோ எடிட்டிங் அந்தத் தாளில் இருந்தால் இங்கேயே நிறுத்திவிடலாம். எவ்வளவு நம்பிக்கை வைத்தாலும் அது நடக்காது.

அடுத்தது அளவு எடுப்பது. விண்டோஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். மெஷின் ஆன் ஆகி ஐந்து நிமிடம் கழித்துத் திறந்து, சிபியு (அதாவது பிராசசர்), மெமரி (அதாவது ரேம்), டிஸ்க் என்ற மூன்று பத்திகளையும் பாருங்கள். டிஸ்க் 100 சதவீதத்தில் ஒட்டிக்கொண்டு சிபியு 10, 20 என்று சும்மா இருந்தால் சிக்கல் டிஸ்க்கில். மெமரி எப்போதும் 85-க்கு மேலேயே நின்றால் ரேம் போதவில்லை. சிபியு உச்சத்தில் இருந்து, ஃபேனும் அலறினால் சூடு அல்லது பின்னணியில் ஓடும் ஏதோ ஒரு புரோகிராம். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் வேகம் என்று ஒரு எண் இருக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் பிராசசர், வேலைப் பளுவுக்கு நடுவே 0.8-லேயே நின்றால் அது வயதால் வந்த மந்தம் இல்லை. சூட்டுக்குப் பயந்து தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. சில மாடல்களில் அடாப்டரை மெஷின் அடையாளம் காணாவிட்டாலும் இதே கதைதான். வேறு அடாப்டர் போட்டதும் ஓடிவிடும்.

ஆன் ஆக எத்தனை நொடி ஆகிறது என்றும் குறித்து வையுங்கள். விண்டோஸில் ஷட் டவுன் கொடுத்து மறுபடி ஆன் செய்தால் சரியான கணக்கு வராது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி முழுதாக அணைய விடாது. ரீஸ்டார்ட் கொடுத்துத்தான் அளக்க வேண்டும். பிறகு எதை மாற்றினாலும் ஒவ்வொன்றாக மாற்றி, ஒவ்வொரு முறையும் அளந்து பாருங்கள். நான்கை ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது, எது கெடுத்தது என்று ஒருபோதும் தெரியாது.

ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும் முன் டிஸ்க்கின் உடல்நிலையைப் பார்த்துவிடுவது நல்லது. கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச மென்பொருள் போதும். அதில் ‘ரீஅலொகேட்டட் செக்டர்’, ‘கரன்ட் பெண்டிங் செக்டர்’ என்று இரண்டு வரிகள் இருக்கும். இரண்டாவது, டிஸ்க் படிக்கத் திணறும் இடங்களின் எண்ணிக்கை. அது பூஜ்யமாக இருக்க வேண்டும். அந்த எண் நாளுக்கு நாள் ஏறினால் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு முக்கியமான ஃபைல்களை முதலில் வெளியே எடுங்கள். இந்த நேரத்தில் பலர் செய்யும் தவறு, டிஸ்க்கை ‘ரிப்பேர்’ செய்ய முழு ஸ்கேன் போடுவது. சாகக் கிடக்கும் டிஸ்க்கை மூலை முடுக்கெல்லாம் படிக்க வைத்தால், காப்பாற்றியிருக்கக்கூடிய ஃபைலும் சேர்ந்து போகும்.

கையில் இருக்கும் பணம் கொஞ்சம் என்றால் காசில்லாத வேலைகளை முதலில் முடிக்க வேண்டும். தானாகத் தொடங்கும் புரோகிராம்களை நிறுத்துவது ஐந்து நிமிட வேலை. ஃபேனைச் சுத்தம் செய்வதும் இந்தக் கணக்கில்தான் வரும். வெளியே இருந்து காற்றை ஊதினால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். ஃபேனுக்கும் அதன் எதிரே இருக்கும் உலோகத் தகடுகளுக்கும் நடுவே தூசி ஒரு கம்பளித் துண்டு மாதிரிப் படிந்திருக்கும். வெளியிலிருந்து ஊதுவது அதை உள்ளே தள்ளிவிடும், அவ்வளவுதான். அடி மூடியைக் கழற்றி, ஃபேனைப் பிடித்திருக்கும் இரண்டு மூன்று ஸ்க்ரூவையும் எடுத்தால் அந்தப் படலத்தை இடுக்கியால் ஒரே துண்டாக உரித்து எடுக்கலாம். காற்று அடிப்பதானால் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு அடியுங்கள். கட்டுக்கு மீறிச் சுற்றினால் பேரிங் கெடும்.

மூடியைக் கழற்றும் இடத்தில்தான் நிறைய நல்ல மெஷின்கள் பாழாகின்றன. ஸ்க்ரூக்கள் எல்லாம் ஒரே நீளம் இல்லை. நீளமானதைக் குட்டை ஓட்டையில் முறுக்கினால் மறுபக்கம் கீபோர்டையோ போர்டையோ குத்தும். ஒரு அட்டையில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தை வரைந்து, எடுத்த ஸ்க்ரூவை அந்தந்த இடத்திலேயே குத்தி வையுங்கள். ரிப்பன் கேபிள்களை வெடுக்கென்று இழுக்கவே கூடாது. சாக்கெட்டின் ஓரத்தில் கறுப்பிலோ பழுப்பிலோ ஒரு மெல்லிய தாழ்ப்பாள் இருக்கும். நகத்தால் அதை நிமிர்த்தினால் கேபிள் தானே வழுக்கி வரும். தாழ்ப்பாள் உடைந்தால் டச்பேட் போயிற்று. பேட்டரியின் இணைப்பைக் கழற்றி, பவர் பட்டனைப் பத்துப் பதினைந்து நொடி அழுத்திப் பிடித்த பிறகுதான் மற்றதில் கை வைக்க வேண்டும்.

பிராசசரின் மேல் இருக்கும், சூட்டைக் கடத்தும் பசையான தெர்மல் பேஸ்ட் இத்தனை வருடத்தில் காய்ந்து சுண்ணாம்பாகியிருக்கும். 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோபிரபைல் ஆல்கஹாலில் துணியை நனைத்துத் துடைத்துவிட்டு, நடுவில் புதுப் பேஸ்ட் ஒரு சிறு பொட்டு வையுங்கள். பிராசசரின் சூட்டை வாங்கும் உலோகத் தகடான ஹீட் சிங்க்கின் ஸ்க்ரூக்கள் பக்கத்தில் 1, 2, 3, 4 என்று எண் போட்டிருக்கும். அந்த வரிசையில், ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். சில சிப்புகளின் மேல் பேஸ்ட்டுக்குப் பதில் மெத்தென்ற பேட் இருக்கும். அது பிய்ந்தால் பேஸ்ட்டை அப்பி நிரப்பாதீர்கள். அந்த இடைவெளி அரை மில்லிமீட்டருக்கும் அதிகம், பேஸ்ட் அங்கே சூட்டைச் சரியாகக் கடத்தாது. அதே தடிமனில் பேட்தான் வேண்டும்.

இனி காசு செலவாகும் இடம். ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும், டாஸ்க் மேனேஜரும் டிஸ்க்கைத்தான் காட்டுகிறது என்றால், சுற்றாமல் சிப்பில் தகவலை வைக்கும் எஸ்எஸ்டி வாங்குங்கள். 5400 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்க் ஒரு சுற்றுச் சுற்ற 11 மில்லிசெகண்ட் ஆகிறது. கேட்ட தகவல் ஊசியின் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருக்க வேண்டும், அதாவது ஐந்தரை மில்லிசெகண்ட். ஊசி சரியான தடத்துக்கு நகர இன்னும் பத்து, பன்னிரண்டு. கூட்டினால், சிதறிக் கிடக்கும் சின்ன ஃபைல்களை அது நொடிக்கு அறுபது தடவைதான் எடுத்துத் தர முடியும். விண்டோஸ் ஆன் ஆகும்போது கேட்பதோ ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்கள். எஸ்எஸ்டியில் ஊசியும் இல்லை, சுற்றும் இல்லை. நொடிக்குப் பல ஆயிரம் முறை எடுக்கும்.

‘என் மெஷினில் டிஸ்க்கை இணைப்பது பழைய சாட்டா 2 தான், எஸ்எஸ்டி போட்டு என்ன பிரயோஜனம்?’ என்று தயங்குகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். சாட்டா 3 இணைப்பில் நொடிக்குச் சுமார் 550 எம்பி வரும், சாட்டா 2-இல் 300-ஐத் தாண்டாது. பெரிய ஃபைலைக் காப்பி செய்யும்போது அது உறைக்கும். அன்றாட வேகமோ அந்தக் காத்திருப்பு நேரத்தில்தான் இருக்கிறது, அது இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். 2.5 அங்குல எஸ்எஸ்டி 7 மில்லிமீட்டர் தடிமன். பழைய லேப்டாப்பின் இடம் பெரும்பாலும் 9.5. மீதி இரண்டரை மில்லிமீட்டர் ஆடாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் சட்டம் போதும். எழுதி வைத்த தாளுக்கு 240 ஜிபி தாராளம். பழைய சிஸ்டத்தை அப்படியே குளோன் செய்வதை விடப் புதிதாக இன்ஸ்டால் செய்வதே என் சிபாரிசு. பல வருடக் குப்பையை ஏன் புது வீட்டுக்கும் தூக்கிப்போக வேண்டும்? குளோன்தான் செய்வேன் என்றால், டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் ரெகவரி கீயை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸுக்கு முன்பே வரும் அமைப்புப் பக்கமான பயாஸில் சாட்டா மோடையும் அவசரப்பட்டு மாற்றாதீர்கள். மாற்றினால் விண்டோஸ் நீலத் திரையில் நிற்கும்.

ரேமில் தவறு நடப்பது வாங்கும்போதுதான். டிடிஆர்3, டிடிஆர்4 என்ற ரேம் வகைகள் இரண்டின் வெட்டும் வேறு வேறு, ஒன்று மற்றொன்றில் நுழையாது. டிடிஆர்3, டிடிஆர்3எல் விஷயம் அப்படி இல்லை. இரண்டுக்கும் 204 பின், நன்றாகவே நுழையும். ஆனால் முதலாவது 1.5 வோல்ட், இரண்டாவது 1.35 வோல்ட். குறைந்த வோல்டேஜை மட்டும் ஏற்கும் லேப்டாப்பில் முதலாவதைப் போட்டால் திரை கறுப்பாகவே இருக்கும். ஏற்கெனவே இருக்கும் ரேமைக் கழற்றி, அதன் லேபிளைப் பார்த்து வாங்குவதுதான் சுருக்கு வழி. சாய்வாக நுழைத்து, தங்கப் பற்கள் ஏறக்குறைய மறையும் வரை தள்ளி, பிறகு கீழே அழுத்தினால் இரண்டு பக்கக் கொக்கியும் ‘க்ளிக்’ என்று விழும். புது ரேம் போட்டதும் ஆன் ஆகாவிட்டால் பதறாமல் கழற்றி மறுபடி போடுங்கள். பல நேரம் அங்கேயே தீரும்.

ரேம் போர்டோடு ஒட்டி வந்த மாடல் என்றால்? இங்கேதான் ‘இருப்பு எடுப்பது’ என்ற பழக்கம் உதவுகிறது. விண்டோஸுக்கு மாற்றான இலவச சிஸ்டம் லினக்ஸில் இசட்ரேம் என்று ஒன்று உண்டு. ரேமில் இப்போதைக்குத் தேவைப்படாததைச் சுருக்கி ரேமுக்குள்ளேயே வைத்துவிடும். பொதுவாக இரண்டு, மூன்று மடங்கு சுருங்கும். 4 ஜிபி மெஷினில் பாதி அளவுக்கு இதை இயக்கிவிட்டால், முன்பு மூச்சுத் திணறிய இடத்தில் நிதானமாக ஓடும். ஒரு எச்சரிக்கை. ரேமில் இருப்பதை எவ்வளவு தாராளமாக வெளியே தள்ளலாம் என்று சொல்லும் ஸ்வாப்பினெஸ் என்ற அளவை 10-க்குக் குறைக்கச் சொல்லும் பழைய குறிப்புகள் ஏராளம். அது, அப்படித் தள்ளும் இடமான ஸ்வாப் ஹார்ட் டிஸ்க்கில் இருந்த காலத்துக்கானது. இசட்ரேமுக்கு அதை 100-க்கு உயர்த்துவதுதான் பொருத்தம்.

சிஸ்டம் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கேட்கிறது, இன்டெல் பிராசசர்களில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கிறது. ஆகவே நிறைய மெஷின்கள் உழைப்பால் ஓயவில்லை, விதியால் ஓய்ந்தன. அவற்றுக்கு லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு, லுபுன்டு இரண்டும் நல்ல தேர்வு. இன்னும் பழைய 32-பிட் பிராசசர் உள்ள மெஷின் என்றால் ஆன்டிஎக்ஸ் பாருங்கள். 2025-இல் வந்த டெபியன் 13 என்ற லினக்ஸில் 32-பிட்டுக்கான இன்ஸ்டாலர் கிடையாது. 8 ஜிபி பென்டிரைவில் ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமலே ஓட்டிப் பார்த்து, வைஃபை, ஒலி, கேமரா, மூடித் திறந்தால் விழிக்கிறதா என்ற நான்கையும் சோதியுங்கள். வைஃபை தெரியவில்லை என்றால் ஃபோனை யுஎஸ்பியில் இணைத்து நெட் கொடுத்து டிரைவரை இறக்கலாம். விண்டோஸையும் பக்கத்தில் வைத்துக்கொள்வதாக இருந்தால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை முன்பே அணைத்துவிடுங்கள்.

கடைசித் தின்னி பிரவுசர். முப்பது டேப் திறந்து வைத்துவிட்டு ரேமைத் திட்டுவது, ஆடத் தெரியாதவர் கூடம் கோணல் என்ற கதைதான். பயன்படுத்தாத டேப்களை உறங்க வைக்கும் மெமரி சேவர் வசதியை இயக்குங்கள், விளம்பரத் தடுப்பான் ஒன்று போடுங்கள். வீடியோ திக்கித் திக்கி ஓடினால் காரணம் பெரும்பாலும் விபி9, ஏவி1 என்ற புதிய வீடியோச் சுருக்க வகைகள். பழைய கிராஃபிக்ஸ் சிப்புக்கு அவற்றைப் பிரிக்கத் தெரியாது, பாரம் முழுக்கச் சிபியு தலையில் விழும். எச்.264 என்ற பழைய வடிவத்தையே கேட்டு வாங்கும் பிரவுசர் எக்ஸ்டென்ஷன்கள் உண்டு. தரத்தை 720-இல் வைத்தால் இன்னும் நல்லது. திரையே 1366-க்கு 768 என்கிறபோது 1080 கேட்பதில் கண்ணுக்கு லாபம் ஒன்றுமில்லை.

இந்தப் பழக்கத்துக்கு இதைவிடப் பெரிய சாட்சி நம் தலைக்கு மேலே இருக்கிறது. 1977-இல் கிளம்பிய வாயேஜர் 1 விண்கலம், 2023 நவம்பரில் அர்த்தமில்லாத தகவலை அனுப்பத் தொடங்கியது. நினைவகச் சிப் ஒன்று செயலிழந்திருந்தது. சிக்னல் போய்ச் சேரவே இருபத்திரண்டரை மணி நேரம் ஆகும் தூரத்தில் யார் போய் மாற்றுவது? நாசா பொறியாளர்கள் முதலில் நினைவகம் முழுவதையும் படித்து வாங்கினார்கள். கெட்டது ஏறத்தாழ 3 சதவீதம். அங்கே இருந்த நிரலை அப்படியே வைக்க ஒரே இடமாக எதுவும் காலியில்லை. துண்டு துண்டாக்கி, மிச்சமிருந்த இடங்களில் செருகினார்கள். 2024 ஏப்ரலில் கலம் மறுபடி ஒழுங்காகப் பேசியது.

எல்லா மெஷினையும் காப்பாற்றத் தேவையில்லை. தண்ணீர் குடித்த போர்டு, உடைந்த திரை, ஓய்ந்த பேட்டரி மூன்றும் ஒன்றாக வந்தால் விட்டுவிடலாம். பேட்டரி உப்பி டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு நின்றால் அதில் சமாதானமே இல்லை. அழுத்தாமல், குத்தாமல் கழற்றி மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள். பெரும்பாலான லேப்டாப்கள் அடாப்டரிலேயே ஓடும். கைவிட்ட மெஷினிலும் ரேம், எஸ்எஸ்டி, வைஃபை கார்டு எல்லாம் இன்னொன்றுக்கு உதவும். பழைய ஹார்ட் டிஸ்க் ஆரோக்கியமாக இருந்தால் யுஎஸ்பி உறையில் போட்டு பேக்கப் டிஸ்க் ஆக்கலாம். பெண்டிங் செக்டர் காட்டிய டிஸ்க்கை மட்டும் அந்த வேலைக்கு வைக்காதீர்கள். முழுதாக அழித்துவிட்டு, மின்கழிவோடு சேர்த்து அனுப்புங்கள்.