சில்லைக் குஞ்சுகள்: ஐப்பசி முதல் மாசி வரை பார்த்ததில் தெளிந்தவை

சில்லை என்பது புல்விதையும் தானியமும் தின்னும் சிறு குருவி (munia). வளர்ந்த சில்லைகளில் குழப்பம் இல்லை. புள்ளிச் சில்லைக்கு வயிற்றில் செதில் செதிலாகப் புள்ளி, கருந்தலைச் சில்லைக்குக் கரிய தலை. குஞ்சுகளுக்கு இந்த அடையாளம் ஒன்றும் கிடையாது. மேலே மண்பழுப்பு, கீழே வெளிறிய சந்தன நிறம், அவ்வளவுதான். ஊரில் எல்லாவற்றுக்கும் தினைக்குருவி என்றே பெயர். இந்தப் பருவத்தில் பலன் தந்த மாற்றம் ஒன்றே: உடம்பு நிறத்தைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு அலகு, வால், பிட்டம் (வாலுக்கு மேலே உள்ள அடிமுதுகு) என்று பார்ப்பது.

ஐப்பசி

முதல் வேலை தூக்கணாங்குருவியைக் கழிப்பது. சோளக்காட்டு ஓரத்தில் சில்லைகளோடு அதன் பெட்டையும் குஞ்சும் கலந்து மேயும். முதுகைப் பார்த்தால் போதும்: தூக்கணாங்குருவிக்குக் கருங்கோடுகள் ஓடும், கண்ணுக்கு மேல் வெளிர்ப் புருவம் இருக்கும். சில்லைக் குஞ்சின் முதுகில் கோடே இராது.

இரை கேட்கும் விதமும் வேறு. தூக்கணாங்குருவிக் குஞ்சு இறக்கையைப் படபடவென்று அடித்துக் கேட்கும். சில்லைக் குஞ்சு பெரும்பாலும் இறக்கையை அசைக்காது. உடம்பைத் தாழ்த்திக் கழுத்தைத் திருகி வாயை மேலே காட்டும். இந்தக் காட்சி கிடைத்தால் விடக்கூடாது. ஊட்டுகிற பறவை எதுவோ அதுதான் குஞ்சின் இனம். பக்கத்தில் உட்கார்ந்திருப்பதை வைத்து இனம் சொல்வது பெரிய தவறு. ஒரே கம்பியில் மூன்று இனம் ஒட்டி உட்காரும்.

கார்த்திகை

கோபிசெட்டிபாளையம் பக்கத்து வாய்க்கால் வரப்பு, குளக்கரைச் சம்பு, கோரை. புள்ளிச் சில்லைக் குஞ்சும் கருந்தலைச் சில்லைக் குஞ்சும் சேர்ந்து கிடைக்கும் இடம் இது. கடினமான சோடியும் இதுதான்.

புள்ளிச் சில்லைக் குஞ்சின் அலகு கருமை, கீழ்அலகு மட்டும் சற்று வெளிறும். கருந்தலைக் குஞ்சின் அலகு நீலம் கலந்த சாம்பல். அடிப்பகுதி தடித்து முக்கோணமாகத் தெரியும். படிக்க எளிது, வயலில் மூன்று இடத்தில் கவிழ்க்கும்.

முதலாவது, வயது. கூட்டைவிட்டு வந்த சில நாள்களில் கருந்தலைக் குஞ்சின் அலகும் கருத்தே இருக்கும். வாயோரத்தில் வெளுத்த தடிப்பு தெரிந்தால் அலகு நிறத்தை நம்ப வேண்டாம். வடிவத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, வெளிச்சம். மாலை மஞ்சள் வெயிலில் நீலச் சாம்பல் பழுப்பாகிவிடும்; வானத்துக்கு எதிராக எந்த அலகும் கருப்புதான். காலை 7 முதல் 9 மணிக்குள், சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து, 15 மீட்டருக்குள் பார்த்தவை மட்டுமே உறுதியாயின. 8x42 இருநோக்கி போதும். கேமராவில் பின்வெளிச்சம் இருந்தால் எக்ஸ்போஷரை +1 வரை ஏற்ற வேண்டும். ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டால் படத்துக்குப் படம் அலகு நிறம் மாறும். பகல்வெளிச்சத்தில் நிறுத்திவிடுவது நல்லது.

மூன்றாவது, பால்பிடித்த கதிர். அதைத் தின்னும் பறவையின் அலகில் மாவு ஒட்டி வெளிறிக் காட்டும். அலகைக் கொம்பில் துடைக்கும்வரை பொறுத்துப் பார்க்க வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் தெளியாததை இனம் குறிக்காமல் ‘சில்லை, குஞ்சு’ என்றே எழுதுவது சரி. ஊகத்தில் எழுதிய ஒரு பதிவு பத்து நல்ல பதிவைக் கெடுக்கும்.

மார்கழி

காங்கயம் கொறங்காடு, அதாவது மேய்ச்சல் நிலம். வெள்வேல மரம், கிளுவை வேலி, கொழுக்கட்டைப் புல். இங்கே வெண்தொண்டைச் சில்லைதான் அதிகம். குஞ்சுக்கும் வெள்ளிச் சாம்பல் அலகு என்பதால் கருந்தலைக் குஞ்சு என்று தோன்றும். வால் தீர்த்துவைக்கும்: கருத்து, நுனி கூர்ந்து, பிட்டம் வெளுத்து இருக்கும். குஞ்சின் வால் வளர்ந்ததைவிடக் குட்டை என்பதால் ‘நீளவால்’ என்று தேடினால் ஏமாற்றம்தான். பறந்து எழும் நொடியில் 1/2000 வேகத்தில் தொடர்படம் எடுத்தால் பிட்டம் கிடைக்கும். தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் காத்திருப்பது வேலியோரம் நடப்பதைவிட மேல்.

தை

சிவப்புச் சில்லைக் குஞ்சில் சிவப்பு இராது, அலகுகூடக் கருப்புதான். ஆனால் இறக்கையில் இரண்டு வெளிர்ப் பட்டைகள் தெளிவாக ஓடும்; இங்குள்ள மற்றச் சில்லைக் குஞ்சுகளுக்கு அப்படி இல்லை. உருவமும் சிறிது, ஏறக்குறைய 10 செ.மீ. குளக்கரை உயர்புல்லில் தேட வேண்டும்.

ஆனைகட்டி போன்ற மலையடிவாரத்தில் வெண்முதுகுச் சில்லை சேரும். அதன் குஞ்சுக்குப் பிட்டம் தூய வெள்ளையாக இல்லாமல் மங்கியிருக்கலாம். மேலலகு கருப்பு, கீழலகு நீலச் சாம்பல் என்ற இருநிறம் துணைக்கு வரும்.

மாசி

இறகு மாற்றம் தொடங்கியவை அதிகம். புள்ளிச் சில்லைக்கு விலாவில் திட்டுத்திட்டாகச் செதில்; கருந்தலைக்குத் தலையில் கருப்பு இறகுகள் அங்கொன்றும் இங்கொன்றும். அலகை வைத்துக் கார்த்திகையில் சொன்ன இனம் சரியா என்று ஒத்துப்பார்க்க இதுவே நேரம். அதே வரப்பு, அதே காலை வெளிச்சம், படத்தில் தேதி. இந்த மூன்றும் மாறாமல் இருந்தால்தான் ஒப்பீடு செல்லும்.