ஹோர்ட்டன் சமவெளி: மூடுபனிக்கு முந்திப் போகும் நாட்குறிப்பு

பெப்ரவரி 11, மாலை, பட்டிப்பொல

இலங்கையின் மிக உயரமான ரயில் நிலையம் இது: 1,891 மீற்றர். இங்கிருந்து ஹோர்ட்டன் சமவெளித் தேசியப் பூங்காவுக்குள் நடைபாதை தொடங்கும் ஃபார் இன் வரை ஏறத்தாழ 11 கிலோமீற்றர். வானோ ஓட்டோவோ முதல்நாள் இரவே பேசிவிடுங்கள், காத்திருப்புக் கூலியையும் சேர்த்து. வாசல் காலை ஆறு மணிக்குத் திறக்கும். நுவரெலியாவில் தங்குகிறவர்கள் நாலரைக்கே புறப்பட்டால்தான் சரி.

பருத்தி உடுப்பு வேண்டாம். நனைந்தால் இந்தக் குளிரில் காயவே காயாது. உள்ளே மெல்லிய கம்பளி, வெளியே காற்றை மறிக்கும் ஜாக்கெட். இந்த மாதங்களில் விடியற்புல்லில் உறைபனி படிவதும் உண்டு, பத்து மணி வெயில் தோலைச் சுடுவதும் உண்டு. குடையைக் காற்று மடக்கிவிடும். இரத்தம் உறிஞ்சும் அட்டைக்கென்று தனி ஆயத்தம் தேவைப்படுவதில்லை. அது நக்கிள்ஸ் மலைத்தொடர்ப் பக்கத்துத் தொல்லை.

காலைச் சாப்பாட்டை டப்பாவில் போடுங்கள். தேங்காய் ரொட்டியும் கட்டச்சம்பலும் போதும். பொலித்தீன் உறைகளை வாசல் சோதனையில் எடுத்துவிடுவார்கள், தண்ணீர்ப் போத்தலின் லேபிளைக்கூட உரிக்கச் சொல்வார்கள். வீட்டிலேயே உரித்து வந்தால் பத்து நிமிடம் மிச்சம். அந்தப் பத்து நிமிடம் இங்கே பெரிது.

பெப்ரவரி 12, உலக முடிவு

சமவெளி செங்குத்தாக அறுந்துவிழும் விளிம்புதான் உலக முடிவு. சுற்றுப்பாதை 9.5 கிலோமீற்றர், மூன்று முதல் நான்கு மணி நேரம். பாதை பிரியுமிடத்தில் சிறிய உலக முடிவுப் பக்கம் திரும்புங்கள். பேக்கர்ஸ் அருவியை முதலில் பார்க்கப் போனால் விளிம்பை அடையும்போது வெள்ளைச் சுவர்தான் இருக்கும். வெயில் ஏறியதும் தெற்குத் தாழ்நிலத்தின் ஈரக்காற்று செங்குத்துச் சரிவைப் பிடித்து மேலெழும், குளிர்ந்து முகிலாகும். ஒன்பது, ஒன்பதரைக்குள் பள்ளத்தாக்கு மறைந்துவிடும். பள்ளம் ஏறத்தாழ 870 மீற்றர். விளிம்பில் புல் அடர்ந்திருப்பதை நம்பிக் கால் வைக்காதீர்கள், அடியில் மண் இல்லாமல் இருக்கலாம்.

காட்சி மறைந்ததும் முகம் தொங்கிப்போய்த் திரும்புகிறவர்களே அதிகம். மேகக்காட்டைப் பார்க்க வேண்டிய நேரம் அப்போதுதான் தொடங்குகிறது. புல்வெளியில் சட்டை நனையாத அளவு மெல்லிய மூடுபனி. நாலடி தள்ளி மரத்தடிக்குப் போனால் தலையில் சொட்டுகிறது. காற்று தள்ளிவரும் நுண்துளிகளைச் சிறிய தடித்த இலைகளும், கிளைகளில் தாடிபோல் தொங்கும் பாசிக்காளானும் வடித்துப் பிடிக்கின்றன. துளி திரண்டு, கிளை வழியே அடிமரத்துக்கு இறங்கி, பாசி மெத்தைக்குள் போகிறது. மழை பதிவாகாத நாளிலும் இந்த நீர் சேர்கிறது. மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் நீர் கொடுக்கும் ஓடைகள் இங்கே பிறப்பதில் இந்தக் குட்டை மரங்களுக்குப் பங்குண்டு.

பாசி படர்ந்த அடிமரங்களை இடுப்பு உயரத்தில் மெதுவாகப் பாருங்கள். மூக்கில் கொம்புள்ள ஓணான் ஓடாது, அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். இலங்கை தவிர வேறெங்கும் இல்லாத இனம்.

பேக்கர்ஸ் அருவிக்கு இறங்கும் படிகள் வழுக்கும். ஏறி வருகிறவர்களுக்கு வழி விடுங்கள். வாகனத் தரிப்பிடத்தில் கையை எதிர்பார்த்து நிற்கும் மரை என்னும் பெரிய மான்களுக்கு எதையும் நீட்டாதீர்கள். அந்தப் பழக்கம்தான் அவற்றைப் பொலித்தீன் தின்ன வைக்கிறது.

பெப்ரவரி 13, கிரிகல்பொத்த

2,388 மீற்றர். இலங்கையின் இரண்டாவது உயரமான மலை. முதலாவதான பிதுருதலாகலை உச்சியில் ராணுவப் பகுதி என்பதால், கால்நடையாக ஏறிப்போக இதுவே உயரமானது. ஃபார் இன் அருகிலிருந்து போக ஏழு கிலோமீற்றர், வர ஏழு. ஆறு, ஏழு மணி நேரம் ஒதுக்குங்கள். நேற்றைய பாதையில் இருந்த கூட்டம் இங்கே இல்லை, வழிகாட்டிப் பலகையை நம்பியும் போக முடியாது. அலுவலகத்தில் சொல்லிவிட்டு, வரைபடத்தை முன்கூட்டியே போனில் இறக்கிக்கொண்டு போங்கள்.

தொடக்கத்தில் சேற்றுப் புல்வெளி, கணுக்கால் வரை புதையும். புல் திட்டுகளின் மேல் மிதித்துப் போகலாம். கறுப்பாக மினுங்கும் இடத்தைச் சுற்றிப் போங்கள். வழி தவறுவது பெரும்பாலும் மரைத்தடத்தால். மூடுபனியில் அதுவும் பாதை போலவே தெரியும். புதருக்குள் நுழையுமிடத்தில் நிமிர்ந்து பாருங்கள்: ஆள் பாதையில் தலை உயரத்துக் கிளைகள் ஒடிந்திருக்கும், மரைத்தடத்தில் கிளை நெஞ்சில் இடிக்கும். சந்தேகம் வந்தால் கடைசியாகத் தெளிவாகத் தெரிந்த இடத்துக்குத் திரும்புங்கள். முன்னால் போய்த் தேடாதீர்கள்.

உச்சிக்குச் சற்று முன் வேர்களைப் பிடித்து ஏற வேண்டிய செங்குத்து. நண்பகல் ஆகியும் உச்சி வரவில்லையென்றால் திரும்பிவிடுங்கள். ஆறு மணிக்கு வாசல் மூடும், சிறுத்தைகள் உள்ள காடு.

பெப்ரவரி 14

கால் வலித்தால் தொட்டுப்பொல போதும்: 2,357 மீற்றர், பட்டிப்பொல வீதியோரத்திலிருந்து ஏற அரை மணி நேரத்துக்குச் சற்று மேல். ஃபார் இன் வரை போகத் தேவையில்லை. ஆனாலும் வாசலுக்கு உட்புறம் என்பதால் நுழைவுச்சீட்டு முழுதாக வாங்கியே ஆக வேண்டும்.