டைம் டேபிள் ஒத்துவராதவர்களுக்கு

காலை ஏழு முதல் ஒன்பது வரை மொழிபெயர்ப்பு, ஒன்பதரைக்கு மெயில், பதினொன்றுக்கு எடிட்டிங் என்று கட்டம் போட்டு வாழ்வது சிலருக்குக் கைவரும். சிலருக்குத் திங்கட்கிழமை மதியமே அது உடைந்துவிடும். காரணம் சோம்பல் இல்லை. மணிக்கணக்கு அட்டவணையில் ஒவ்வொரு கட்டமும் முந்தையதை நம்பி நிற்கிறது. காலையில் ஒரு போன் நாற்பது நிமிடம் இழுத்தால் மிச்ச நாள் முழுக்கத் தப்பாகிவிடும். அப்படிப் போன நாளைச் சரிக்கட்டுவதைவிட, "நாளையிலிருந்து பார்த்துக்கொள்ளலாம்" என்று விடுவது சுலபம்.

மொழிபெயர்ப்பு, எடிட்டிங், புத்தக வடிவமைப்பு என்று வீட்டிலிருந்து ஃப்ரீலான்ஸ் செய்பவர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். இவர்கள் கடிகாரத்தை விட்டுவிடலாம். ஆனால் ஒரே நேரத்தில் எத்தனை வேலை திறந்து கிடக்கிறது என்ற எண்ணிக்கையை விடவே கூடாது.

1961-ல் ஜான் லிட்டில் என்பவர் நிரூபித்த ஒரு கணக்கு இதற்கு உதவும். வரிசையில் நிற்கும் எதற்கும் பொருந்துவது அது. கையில் 6 வேலை இருக்கிறது, வாரத்துக்குச் சராசரியாக 2 முடிகிறது என்றால், ஒவ்வொன்றும் உங்களிடம் 3 வாரம் கிடக்கும். அதே வேகத்தில், கையில் 3 மட்டும் வைத்துக்கொண்டால் ஒன்றரை வாரம். இதில் மாயம் ஏதும் இல்லை, மற்ற வேலைகள் வாசலுக்கு வெளியே காத்திருக்கும், அவ்வளவுதான். ஆனால் "இதை 15-ஆம் தேதி தொடங்குவேன், 25-ஆம் தேதி தருவேன்" என்று நம்பிச் சொல்ல முடிகிறது. பாதி முடிந்த ஆறு கோப்புகளை வைத்துக்கொண்டு அப்படிச் சொல்ல முடியாது.

நடைமுறைக்கு ஒரு சுவரும் கொஞ்சம் அட்டைகளும் போதும். 1950களில் டொயோட்டா தொழிற்சாலையில் தாய்ச்சி ஓனோ வளர்த்தெடுத்த கான்பான் முறையின் எளிய வடிவம் இது. அங்கே அட்டை இருந்தால்தான் அடுத்த பாகம் செய்ய அனுமதி, அட்டைகளின் எண்ணிக்கையோ வரையறுக்கப்பட்டது. ஒரு வேலைக்கு ஓர் அட்டை. சுவரை நான்கு பத்திகளாகப் பிரியுங்கள்: வரிசையில், கையில், பிறரிடம், முடிந்தது. "கையில்" பத்தியில் மூன்று அட்டைக்கு மேல் கூடாது. ஒன்று மட்டும் வைத்தால், அதில் சிக்கிக்கொள்ளும் நாளில் போக்கிடம் இருக்காது. ஐந்து வைத்தால் எதுவும் நகராது. ஒன்று மூளையைக் கேட்கும் கனமான வேலை, மற்ற இரண்டும் இலேசானவை என்பது நல்ல கலவை.

அட்டையின் அளவில்தான் பெரும்பாலானோர் சறுக்குகிறார்கள். "நாவல் மொழிபெயர்ப்பு" என்று எழுதிய அட்டை மூன்று மாதம் அசையாமல் தொங்கும், பார்க்கப் பார்க்க வெறுப்புதான் வரும். "அத்தியாயம் 4, முதல் வரைவு" என்று எழுதுங்கள். ஒரு தடவையோ இரண்டு தடவையோ உட்கார்ந்தால் முடிகிற அளவுதான் அட்டை. எது நடந்தால் அது முடிந்ததாகக் கணக்கு என்பதையும் அதிலேயே குறிக்க வேண்டும்.

அடுத்த ஆபத்து "பிறரிடம்" பத்தி. ஒப்புதலுக்கு அனுப்பியதை அங்கே தள்ளிவிட்டுப் புது வேலை எடுப்பது ஒருவகைத் தில்லுமுல்லு. அனுப்பிய நாலு வேலையும் ஒரே வெள்ளிக்கிழமை திருத்தத்தோடு திரும்பும். ஆகவே அங்கும் நான்கோடு நிறுத்துங்கள், ஒவ்வொரு அட்டையிலும் எப்போது நினைவூட்ட வேண்டும் என்ற தேதியை எழுதுங்கள்.

எந்த நேரத்தில் எந்த அட்டையை எடுப்பது என்பது அன்றைய தெம்பைப் பொறுத்தது. அதற்குத்தானே இந்த ஏற்பாடு! தலை தெளிவாக இருந்தால் முதல் வரைவு. அரைத் தெம்பில் பிழை பார்த்தல். ஒன்றும் ஓடவில்லை என்றால் பில் அனுப்புவது, கோப்புகளுக்குப் பெயர் வைப்பது.

வேலையை நிறுத்தும்போது இரண்டு வரி எழுதிவிட்டு எழுந்திருங்கள்: "பக்கம் 112, இரண்டாம் பத்தி வரை. அடுத்து, கப்பல் பாகங்களின் பெயர்களைச் சரிபார்க்கணும்." தினமும் ஒரே நேரத்தில் உட்காருபவருக்கு இது தேவைப்படாமல் போகலாம். நாலு நாள் கழித்துத் திரும்புபவருக்கு இது இல்லாவிட்டால் முதல் அரைமணி நேரம் விட்ட இடத்தைத் தேடுவதிலேயே போகும்.

பெரிய வேலைக்கு நாள் கணக்கு வேண்டாம், வாரக் கணக்கு வையுங்கள். 60,000 சொற்கள், 12 வாரம் என்று வைத்துக்கொள்வோம். கடைசி இரண்டு வாரத்தைத் திருத்தத்துக்கு ஒதுக்கினால் வாரத்துக்கு 6,000. அதை இரண்டு நாளில் முடித்தாலும் சரி, ஆறு நாளில் முடித்தாலும் சரி. புதன் இரவுக்குள் 2,000-ஐத் தொடவில்லை என்றால் மட்டும் வியாழக்கிழமையை அதற்கென்று கட்டிப்போட வேண்டும். மேல்வரம்பும் தேவை, 8,000 என்று வைக்கலாம். உற்சாகத்தில் ஒரே மூச்சில் அடித்துத் தள்ளிய பக்கங்கள் திருத்தத்தில் நேரத்தைத் திருப்பிக் கேட்கும். இரண்டு வாரம் அடுத்தடுத்துக் குறைந்தால் பதிப்பாளரிடம் அப்போதே சொல்லிவிடுவது நல்லது. பதினோராவது வாரத்தில் சொன்னால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

எத்தனை நாள் ஆகும் என்ற ஊகத்தை நம்பாதீர்கள். 1994-ல் வெளியான ஒரு கனடா ஆய்வில், ஆய்வேடு எழுதிய மாணவர்கள் சராசரியாக 34 நாளில் முடிப்போம் என்றார்கள், ஆனது 55 நாளுக்கு மேல். எல்லாமே சொதப்பினால் எத்தனை நாள் என்று கேட்டதற்கும் அவர்கள் சொன்னது 49-ஐத் தாண்டவில்லை. அட்டையின் பின்பக்கம் நினைத்த நாளையும் ஆன நாளையும் எழுதிவாருங்கள். பத்து அட்டை சேர்ந்ததும் உங்கள் விகிதம் தெரியும். அது ஒன்றரை என்றால், அடுத்த கிளையண்டிடம் பத்து நாள் என்று சொல்ல வாய் வரும்போது பதினைந்து என்று சொல்லுங்கள்.

வளையாத தேதிகளும் உண்டு. இந்தியாவில் அட்வான்ஸ் டாக்ஸ் (வருமான வரியின் முன்தவணை) கட்டவேண்டியவர்களுக்கு ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் மாதங்களின் 15-ஆம் தேதி. மாதாமாதம் ஜிஎஸ்டி தாக்கல் செய்பவர்களுக்கு 3பி படிவத்துக்கு 20-ஆம் தேதி. இவற்றோடு, இன்னொருவர் காத்திருக்கும் சந்திப்புகளையும் மட்டும் போன் காலண்டரில் அலாரத்தோடு போடுங்கள். "காலை 6 மணி, எழுத வேண்டும்" போன்ற ஆசைகளை அங்கே சேர்க்காதீர்கள். நாலு தடவை அந்த அலாரத்தை அணைத்த விரல், 20-ஆம் தேதி அலாரத்தையும் பழக்கத்தில் அணைத்துவிடும்.

பத்து நாளாக அசையாத அட்டை இருந்தால் மூன்றே வழி: சின்னதாக உடைக்கலாம், வரிசைக்குத் திருப்பலாம், அல்லது செய்யப்போவதில்லை என்று உரியவரிடம் சொல்லிவிட்டுக் கிழிக்கலாம். மூன்றில் எதையும் செய்யாமல் நான்காவது அட்டையை ஒட்டினால் வரம்பு அன்றோடு செத்தது.