மாரியில் பொங்கின பெட்டி

எறும்பில்தான் தொடங்கினது. கிளிநொச்சிப் பக்கத்துத் தோட்டக் கிணறுகளுக்கு ஒரு சின்னக் கருவி செய்து கொடுக்கிறேன். தண்ணீர் வற்றினால் மோட்டர் தானாக நின்றுவிடும். அதன் சர்க்கிட் போர்டைக் கடைப் பெட்டி ஒன்றில் வைத்துக் கொடுப்பேன். ஒருநாள் கச்சான் தோட்டம் செய்கிற அண்ணை ஒருவர் அதைக் கழற்றிக்கொண்டு வந்தார். "தம்பி, இது வேலை செய்யுதில்லை." திறந்தால், மோட்டரைப் போட்டு நிறுத்துகிற சுவிட்சான ரிலேயைச் சுற்றி மண்ணும் முட்டையும். காற்றுக்கு விட்ட ஓட்டைகள் எறும்புக்கு வாசலாகிவிட்டன.

சரி, ஓட்டை இல்லாத பெட்டியை நானே வார்ப்போம் என்று இறங்கினேன். அதே கடைப் பெட்டியின் ஓட்டைகளைக் கார் நெளிவு நிரப்புகிற பட்டிப் பசையால் அடைத்து, தேய்த்து, அச்செடுக்கிற மூலமாக வைத்துக்கொண்டேன். சுற்றிச் சட்டம் கட்டி, அச்சுக்கு எவ்வளவு சிலிக்கோன் (ஊற்றினால் ரப்பர் மாதிரி இறுகும்) வேண்டும் என்று பார்க்க, இடைவெளியை அரிசியால் நிரப்பிச் சுண்டால் அளந்தேன். (அரிசி திரும்பப் பானைக்குப் போய்விட்டது, அம்மாவுக்குத் தெரியாது.) சிலிக்கோனை ஒரு மூலையில் மட்டும், நூல் மாதிரி மெல்லியதாக ஊற்ற வேண்டும். அது தானாக ஏறி மூலத்தை மூடும்போது காற்றை மேலே தள்ளிக்கொண்டு வரும். ஒரு நாள் கழித்து உரித்தேன். பட்டி காயும் முன் நான் தொட்ட இடத்தில் என் பெருவிரல் ரேகை அப்படியே அச்சில் விழுந்திருந்தது. இப்போது ஒவ்வொரு மூடியிலும் அது இருக்கிறது.

அந்த அச்சுக்குள் ஊற்றிப் பெட்டி வார்ப்பது பொலியூரிதேன் ரெசினால், அதாவது கலந்தால் பிளாஸ்டிக்காக இறுகுகிற திரவத்தால். இரண்டு போத்தல், சரிக்குச் சரி கலக்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்குள் ஊற்றச் சொல்லிப் போத்தலில் போட்டிருக்கிறது. அது குளிர்ந்த அறைக் கணக்கு. சித்திரை வெயிலில் கோப்பைக்குள்ளேயே இறுகிவிடும். அதனால் விடிய முன் எழும்பி, மணம் வீட்டுக்குள் போகாமல், விறாந்தையில் வைத்து ஊற்றப் பழகினேன்.

மாரி வந்ததும் வேறு கூத்து. பெட்டி அச்சுக்குள் பொங்கி எழும்பியது. உடைத்துப் பார்த்தால் உள்ளே பணிஸ் மாதிரிப் பொத்தல். வேகமாகக் கலக்கினதால் காற்றுப் புகுந்துவிட்டது என்று நினைத்து மெதுவாகக் கலக்கினேன். இன்னும் மோசம். இரண்டு கிழமை, ஏழு பெட்டி வீண். காரணம் ஈரம். அந்த ரெசினின் ஒரு பாதியில் இருக்கிற ஐசோசயனேற் தண்ணீரைக் கண்டால் காபனீரொட்சைட்டு வாயுவை விடும். நான் கலக்கினது தண்ணீர்ச் சட்டியில் கழுவி எடுத்த ஐஸ்பழக் குச்சியால்! போத்தல் மூடியும் மணிக்கணக்கில் திறந்தே கிடந்தது. இப்போது எவர்சில்வர் கரண்டி, ஊற்றின கையோடு மூடி, அச்சுக்கு முதல்நாள் இரவு முழுக்கக் குண்டு பல்ப் சூடு. பொங்கல் நின்றுவிட்டது.

வார்த்த பெட்டியில் 12 வோல்ட் மட்டும்தான். சாதாரண ரெசின் தீப்பிடித்தால் தானாக அணையாது. 230 வோல்ட்டை அதற்குள் விட எனக்கு மனமில்லை. ரிலேயைக் கடையில் வாங்கின மோட்டர் ஸ்டாட்டர் பெட்டிக்குள் மாற்றிவிட்டேன். புதுப் பெட்டியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்த அண்ணையிடம் இதைச் சொன்னேன். தலையாட்டிவிட்டுக் கேட்டார்:

"அப்ப எறும்பு அந்தப் பெட்டிக்குப் போகாதோ?"